கன்னத்தில் மங்கு, நாள் முழுக்க ஸ்கூட்டர் வெயில்: எஸ்.பி.எஃப் 30ஆ 50ஆ, அந்த + குறிகள் எதற்கு?

முத்துநகர்க்காரி:

வணக்கம். தூத்துக்குடியில் இருக்கிறேன். மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் களப்பணி. காலை ஒன்பது மணிக்கு வண்டியை எடுத்தால் முத்தையாபுரம், பழையகாயல், ஆறுமுகநேரி என்று குழு குழுவாகப் போய் வசூலை முடித்துத் திரும்ப மூன்றரை ஆகிவிடும். அந்தப் பக்கம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நெடுக உப்பளம். வெயில் மேலேயிருந்தும் வரும், கீழேயிருந்தும் வரும்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரண்டு கன்னத்திலும் மங்கு. முதலில் லேசாக இருந்தது, இந்த வேலைக்கு வந்த பிறகு நன்றாகப் படர்ந்துவிட்டது. தோல் டாக்டர் இரவில் போட ஒரு க்ரீம் எழுதிக் கொடுத்து, "பகலில் சன்ஸ்கிரீன் போடாவிட்டால் இந்த க்ரீம் போட்டும் பிரயோசனமில்லை" என்றார். எந்த சன்ஸ்கிரீன் என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மருந்துக் கடைக்குப் போனால் தலை சுற்றுகிறது. ஒன்றில் எஸ்.பி.எஃப் 30, பி.ஏ +++ என்று இருக்கிறது. இன்னொன்றில் 50, பி.ஏ ++++. மூன்றாவதில் + எதுவும் இல்லை, ஆனால் ஒரு வட்டத்துக்குள் யு.வி.ஏ என்று போட்டிருக்கிறது. அமெரிக்காவிலிருந்து நாத்தனார் கொண்டுவந்த குழாயில் 70 என்று இருக்கிறது, ப்ளஸ்ஸும் இல்லை, வட்டமும் இல்லை. கடைப் பையனிடம் கேட்டேன். "இது நல்லா மூவ் ஆகுது அக்கா" என்று ஒன்றை எடுத்து வைத்தான். அது 15 கிராம் குழாய்.

எனக்குத் தெரிய வேண்டியது: 30 போதுமா, 50 வேண்டுமா? + குறி என்ன கணக்கு? நான் நல்ல மாநிறம். முன்பு ஒன்று போட்டுப் பார்த்தேன், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி முகம் வெளிறிப் போய், குழுவில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். வியர்வை வேறு. மாதம் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் இதற்கு ஒதுக்க முடியாது. ஏழாவது படிக்கும் பையன் சாயங்காலமும் சனிக்கிழமையும் கால்பந்து ஆடுகிறான், அவனுக்கும் இதையே போடலாமா?

நெல்லைக்காரன்:

அக்கா, யோசிக்காமல் 50 வாங்குங்கள். கணக்கு ரொம்ப எளிது. வெறும் தோல் பத்து நிமிடத்தில் கருக்கும் என்று வைத்துக்கொண்டால், 30 போட்டால் 300 நிமிடம், 50 போட்டால் 500 நிமிடம். எட்டு மணி நேரத்துக்கு மேல் வருகிறது. காலையில் ஒரு தடவை தடவிவிட்டுப் போனால் வேலை முடிந்து வரும் வரை கவலையில்லை. + எல்லாம் விளம்பரத்துக்குப் போடுவது.

கலவைமேசை:

நெல்லைத் தம்பி, அந்த 500 நிமிடக் கணக்கை மட்டும் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். அதை நம்பி மத்தியானம் வரை உப்பளத்தில் நின்றால் கன்னம் கருகித்தான் வரும்.

நான் புதுச்சேரி பக்கம் க்ரீம் தயாரிக்கும் ஓர் ஆலையின் ஆய்வகத்தில் நெடுநாள் இருந்தவள். மற்ற நிறுவனங்களுக்காக நாங்கள் கலந்து கொடுப்போம், டப்பாவில் அவர்கள் பெயர் இருக்கும். அதனால் டப்பாவின் முன்பக்கத்தைப் பார்க்கும் முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது கைப்பழக்கமாகிவிட்டது.

எஸ்.பி.எஃப் எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். குறைந்தது பத்துப் பேரைக் குப்புறப் படுக்க வைப்பார்கள். வெயிலில் எளிதில் சிவக்கும் வெளுத்த தோல்காரர்களாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள். முதுகைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, சிலவற்றில் க்ரீம் தடவி, சிலவற்றை வெறுமனே விட்டு, சூரிய ஒளியைப் போன்ற விளக்கைப் பாய்ச்சுவார்கள். மறுநாள் எந்தக் கட்டம் சிவந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். க்ரீம் போட்ட இடம் சிவப்பதற்கு வெறும் தோலைப்போல 30 மடங்கு ஒளி தேவைப்பட்டது என்றால் அது எஸ்.பி.எஃப் 30. அளப்பது ஒளியின் அளவை, கடிகாரத்தை அல்ல. காலை எட்டு மணிக்கு ஒரு மணி நேரத்தில் விழும் ஒளி, நண்பகலில் சில நிமிடங்களிலேயே விழுந்துவிடும். அதோடு க்ரீம் வியர்வையில் வழியும், துப்பட்டாவில் ஒட்டும், சில ரசாயனங்கள் வெயிலிலேயே சிதையும். எந்த எண்ணாக இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி தடவச் சொல்வது அதனால்தான்.

30க்கும் 50க்கும் என்ன வித்தியாசம்? சிவக்க வைக்கும் கதிரில் 15 என்றால் சுமார் 93 சதவீதம் தடுக்கும், 30 என்றால் 97, 50 என்றால் 98. இதைப் பார்த்துவிட்டு "ஒரு சதவீதத்துக்காகவா இவ்வளவு விலை" என்று எழுதுகிறவர்கள் நிறைய. எனக்கு அந்த வாதம் பிடிப்பதில்லை. உள்ளே வருவதை எண்ணிப் பாருங்கள். 30ல் நூறில் மூன்றுக்கு மேல் வருகிறது, 50ல் இரண்டு. தினமும் ஆறு மணி நேரம் வெயிலில் இருப்பவருக்கு அது சின்ன வித்தியாசம் இல்லை. அலுவலகத்துக்குள் உட்கார்ந்திருப்பவராக இருந்தால் 30 போதும் என்று சொல்லியிருப்பேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்த முதுகுச் சோதனையில் ஒரு சதுர செண்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவுவார்கள். அது கனமான பூச்சு. வீட்டில் நாம் தடவுவது அதில் பாதி இருந்தால் அதிசயம், பலர் கால்வாசிதான் தடவுகிறார்கள். பாதி தடவினால் 50 என்பது 50 ஆக இருக்காது, நன்றாக இறங்கிவிடும். ஆகவே அதிக எண் வாங்குவது நம் கஞ்சத்தனத்துக்கு ஒரு ஈடு. ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் ஒவ்வொரு கோடு பிதுக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அவ்வளவு வேண்டும். காதையும் விட்டுவிடாதீர்கள்.

இப்போது உங்கள் விஷயம். மேலே சொன்னது முழுக்கத் தோல் சிவப்பதைப் பற்றியது. அதைப் பெரும்பாலும் செய்வது வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரில் (யு.வி) ஒரு வகையான யு.வி.பி. உங்கள் பிரச்சினை சிவப்பது அல்ல, கருப்பது. அதில் இன்னொரு வகையான யு.வி.ஏக்குப் பெரிய பங்கு. நிலத்தை எட்டும் புற ஊதாக் கதிரில் சுமார் 95 சதவீதம் யு.வி.ஏதான். மேகத்தைத் தாண்டும், சன்னல் கண்ணாடியைத் தாண்டும், காலை மாலையிலும் கணிசமாக இருக்கும். எஸ்.பி.எஃப் எண் இதைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் சொல்வதில்லை.

அதற்குத்தான் தம்பி விளம்பரம் என்ற + குறிகள். ஜப்பான்காரர்கள் 1996ல் கொண்டுவந்த முறை. இதிலும் ஆட்களின் தோலில்தான் சோதனை, ஆனால் யு.வி.ஏ மட்டும் பாய்ச்சி, சில மணி நேரம் கழித்துத் தோல் எவ்வளவு கருத்திருக்கிறது என்று பார்ப்பார்கள். மங்குக்காரர் கேட்க வேண்டிய கேள்வியையே கேட்கும் சோதனை இது. கருப்பதற்கு 2 முதல் 4 மடங்குக்குள் யு.வி.ஏ தேவைப்பட்டால் ஒரு +, 4 முதல் 8 வரை ++, 8 முதல் 16 வரை +++, 16ஐத் தொட்டால் ++++. நான்காவது + 2013ல்தான் சேர்ந்தது. இங்கே கவனியுங்கள், +++ என்ற அடையாளத்துக்குள் 8ம் இருக்கலாம், 15ம் இருக்கலாம். வெளியிலிருந்து தெரியாது. அதனால் உங்களுக்கு ++++.

வட்டத்துக்குள் யு.வி.ஏ ஐரோப்பியக் குறி. யு.வி.ஏ பாதுகாப்பு, எஸ்.பி.எஃப் எண்ணில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்று அர்த்தம். கணக்குப் போட்டால், 50 போட்டு வட்டமும் இருந்தால் 16க்கு மேல் வந்துவிடுகிறது, அதாவது ++++க்குச் சமம். 30 போட்டு வட்டம் இருந்தால் 10, அது +++. ஆகவே நீங்கள் பார்த்த மூன்றாவது டப்பாவை ஒதுக்க வேண்டியதில்லை, எண் என்ன என்று பாருங்கள்.

நாத்தனார் குழாயில் 70 இருப்பது சிவப்பதற்கான எண். அமெரிக்காவில் + முறை கிடையாது, பிராட் ஸ்பெக்ட்ரம் என்ற வார்த்தை மட்டும்தான். அது இருந்தால் யு.வி.ஏவையும் ஓரளவு தடுக்கும், எவ்வளவு என்று படிப்படியாகச் சொல்லாது. முகத்துக்கு வேண்டாம், கைகளுக்குப் போட்டுத் தீருங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி, இதைக் கடைப் பையன் சொல்ல மாட்டான். மாநிறத்துக்கும் அதற்கு மேல் கருத்த தோலுக்கும் கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியே கருமையை உண்டாக்கும், அதுவும் சீக்கிரம் மறையாத கருமையை. வெளுத்த தோலில் இது நடப்பதில்லை. அந்த ஒளியை எஸ்.பி.எஃப்பும் அளக்காது, + குறியும் அளக்காது. நிறமில்லாத சன்ஸ்கிரீன் எதுவும் அதைச் சரியாகத் தடுக்காது. தடுப்பது இரும்பு ஆக்சைடு. மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று மூன்று நிறத்தில் வரும் பொடி, மூன்றையும் கலந்தால் தோல் நிறம். டின்டட் என்று விற்பவற்றில் இதுதான் இருக்கும். டப்பாவின் பின்னால் சி.ஐ 77491, 77492, 77499 என்ற எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 77891 மட்டும் இருந்தால் அது வெறும் டைட்டானியம் வெள்ளை, ஏமாறாதீர்கள். மங்கு உள்ளவர்களுக்கு நிறம் கலந்ததைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். முகம் வெளிறித் தெரியும் தொல்லையும் இதில் குறைவு.

முடிவாக நீங்கள் தேட வேண்டியது: 50, ++++ அல்லது வட்டம், இரும்பு ஆக்சைடு கலந்தது, 50 கிராமுக்குக் குறையாத குழாய். 15 கிராம் குழாயைச் சரியான அளவில் தடவினால் இரண்டு வாரம் தாண்டாது, அதுவும் ஒரு நாளைக்கு ஒரு வேளை போட்டால்.

கருவேலங்காடு:

எனக்கு இந்த வியாபாரத்தில் நம்பிக்கை இல்லை. என் அப்பாவும் தாத்தாவும் கரிசல் காட்டில் வாழ்நாள் முழுக்க வெயிலில் நின்றவர்கள், ஒருவருக்கும் தோல் புற்றுநோய் வரவில்லை. இயற்கையே நமக்குக் கருப்பு நிறம் கொடுத்திருக்கிறது. வெள்ளைக்காரனுக்குக் கண்டுபிடித்ததை நம் தலையில் கட்டுகிறார்கள். மஞ்சளும் சந்தனமும் பூசுங்கள், போதும். வெயில் படாவிட்டால் வைட்டமின் டி குறைந்துவிடும், அதற்குத் தனியாக மாத்திரை விற்பார்கள்.

யாரா ஆற்றங்கரை:

மெல்பர்னில் இருக்கிறேன். இங்கே வானிலை அறிக்கையோடு யு.வி குறியீட்டையும் (புற ஊதாக் கதிரின் கடுமையைச் சொல்லும் எண்) தினமும் சொல்வார்கள், 3ஐத் தொட்டால் தடவு என்பார்கள். என் மகள் பள்ளியில் தொப்பி கொண்டுவராத பிள்ளையை மைதானத்தில் ஆடவிட மாட்டார்கள், நிழலில் உட்கார வேண்டியதுதான். தூத்துக்குடி அக்காவின் பையனுக்கும் முதலில் ஒரு விளிம்பு வைத்த தொப்பி வாங்கிக் கொடுங்கள் (ஆடும்போது கழற்றிவிடுவான், அது வேறு கதை).

லேபிளை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஒரு தகவல். சாய்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 2025 ஜூனில் இங்கே விற்கும் 20 சன்ஸ்கிரீன்களை சோதனைக்கு அனுப்பி முடிவை வெளியிட்டது. 16 குழாய்கள் தங்கள் லேபிளில் போட்ட எண்ணை எட்டவில்லை. இத்தனைக்கும் இங்கே சன்ஸ்கிரீனை மருந்துபோலக் கண்காணிக்கும் அரசு அமைப்பு இருக்கிறது. ஊரில் நிலைமை எப்படி? கலவைமேசை அக்காதான் சொல்ல வேண்டும்.

முத்துநகர்க்காரி:

கலவைமேசை அக்கா, கோடி நன்றி. அந்தச் சி.ஐ எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு போய் இரண்டு கடை ஏறி இறங்கினேன். நிறம் கலந்தது இரண்டு கிடைத்தது. இப்போது வேறு சந்தேகங்கள்.

நான் முழு முகத்தையும் மூடும் ஹெல்மெட் போடுகிறேன், வைசரையும் இறக்கித்தான் ஓட்டுவேன். அப்படியும் கருக்கிறதே? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்றால் குழுவில் எல்லார் முன்னாலும் உட்கார்ந்து முகத்தில் தடவிக்கொண்டிருக்க முடியுமா? வியர்வை மேலேயே தடவலாமா? அப்புறம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை மோசம் என்று சொன்னால் வசூல் வரிசையைக் கொஞ்சம் மாற்றிப் பார்ப்பேன், மேனேஜர் சம்மதித்தால்.

கலவைமேசை:

வசூல் வரிசையிலிருந்தே ஆரம்பிக்கிறேன், அது காசில்லாத வைத்தியம். நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் வரை வெயில் கடுமை. தூத்துக்குடியில் சித்திரை பிறக்கும் நாளை ஒட்டி, பன்னிரண்டே கால் மணி வாக்கில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நிழல் காலடிக்குள் போய்விடும். ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு முறை. சித்திரையில் சுமார் காலை ஒன்பதே காலிலிருந்து பிற்பகல் மூன்றே கால் வரை நிழல் குட்டைதான். உங்கள் வேலை நேரம் அச்சு அசலாக அதுவே! மார்கழியில் குளிர்ச்சியாக இருக்கிறது என்று விட்டுவிடவும் முடியாது, நம் தென்கோடியில் அப்போதும் நண்பகல் நிழல் ஆளைவிடக் குட்டை. ஆகவே முடிந்தால் திறந்தவெளி அதிகமுள்ள பழையகாயல் பக்கத்தை முதலில் முடித்துவிட்டு, வீட்டுத் திண்ணையில் கூடும் குழுக்களை நண்பகலுக்கு வையுங்கள்.

கோடை விடுமுறைக்கு ஊட்டி, கொடைக்கானல் போனாலும் தடவ வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் யு.வி சுமார் 10 சதவீதம் கூடும். குளிருக்கும் யு.விக்கும் சம்பந்தமில்லை.

ஹெல்மெட் வைசர் நல்ல பாலிகார்பனேட் பிளாஸ்டிக்காக இருந்தால் யு.வியில் பெரும்பகுதியை அதுவே தடுத்துவிடும். ஆனால் தெளிவான வைசர் வழியாகத்தான் நீங்கள் சாலையைப் பார்க்கிறீர்கள், அந்த ஒளி கன்னத்துக்கும் வருகிறது. இரும்பு ஆக்சைடு என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான். அதோடு, வண்டியை நிறுத்தியதும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வெயிலில் நின்று பேசுவீர்கள் இல்லையா, மணல் தரை விழும் யு.வியில் 15 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். குடை பிடித்தாலும் கீழேயிருந்து வருவதற்குக் குடை கிடையாது.

மறுபடி தடவுவது பற்றி. வியர்வை மேலேயே தடவினால் திட்டுத் திட்டாக நிற்கும். பழைய பருத்திக் கைக்குட்டையால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள், அதன் மேல் தடவுங்கள். ஆறு மணி நேரத்தில் மூன்று முறை உங்களால் முடியாது என்று எனக்கும் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் முகம் கழுவி ஒரு முறை முழு அளவில் தடவினாலே பெரிய காரியம். குச்சி வடிவில் வருவதை வைத்து நடுவில் கன்ன மேட்டில் மட்டும் இழுத்துவிடலாம், அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். வியர்வைக்கு வாட்டர் ரெசிஸ்டன்ட் என்று போட்டது நல்லது. வாட்டர்ப்ரூஃப் என்று இருந்தால் வாங்காதீர்கள். தண்ணீரில் கரையவே கரையாத சன்ஸ்கிரீன் எதுவும் இல்லை, அமெரிக்காவில் அந்த வார்த்தையைப் போடவே அனுமதி கிடையாது. 40 நிமிடம் அல்லது 80 நிமிடம் தாங்கும் என்று மட்டும்தான் போடலாம்.

ஐந்நூறு ரூபாய்க்குள் எப்படி? ஒரு வேளைக்கு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் கூட என்று வைத்தால், 50 கிராம் குழாய் ஒரு வேளைக்கு நாற்பது நாள், இரண்டு வேளைக்கு இருபது நாள் வரும். ஆகவே கைகளுக்கு சன்ஸ்கிரீன் வாங்காதீர்கள், அந்தக் காசை முகத்துக்கு வையுங்கள். கைகளுக்கு நெருக்கமாக நெய்த, அடர்ந்த நிறத் துணியில் முழங்கை வரை உறை. மெல்லிய வெள்ளைப் பருத்தி குளுமையாக இருக்கும், ஆனால் யு.வியை நிறைய உள்ளே விடும். தொள்ளாயிரம் ரூபாய்க் குழாயைப் பயறளவு தொட்டுத் தடவுவதைவிட, நானூறு ரூபாய்க் குழாயைத் தாராளமாகத் தடவுவது எத்தனையோ மேல்.

மெல்பர்ன் தம்பிக்கு: இந்தியாவில் சன்ஸ்கிரீன் அழகுசாதனப் பொருள் கணக்கில்தான் வருகிறது. எங்கள் ஆலைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர், "போன வருடம் 40 போட்டோம், இந்த வருடம் 50 போட்டால் ஓடும், கலவை அப்படியே இருக்கட்டும்" என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன். பிளாஸ்டிக் தகட்டில் தடவிக் கருவியில் அளக்கும் சோதனை மலிவு, ஆட்களின் முதுகில் செய்வது செலவு. ஆகவே மனிதர்கள் மேல் சோதித்தது என்று வெளிப்படையாக எழுதியிருக்கும் பொருளுக்கு நான் ஒரு மதிப்பெண் கூடப் போடுவேன். பின்பக்கத்தில் இன்னொன்றும் பார்ப்பேன். அவோபென்சோன் நல்ல யு.வி.ஏ தடுப்பான், ஆனால் வெயிலில் சிதையும். கூட ஆக்டினாக்சேட் என்ற இன்னொரு தடுப்பான் இருந்தால் இன்னும் வேகமாகச் சிதையும். ஆக்டோகிரிலீன் அல்லது பெமோட்ரிசினால் துணைக்கு இருந்தால் தாக்குப்பிடிக்கும். ஜிங்க் ஆக்சைடு சிதையாது, ஆனால் நிறம் கலக்காவிட்டால் நம் தோலில் வெள்ளையாகத் தெரியும். "கனிமம் என்றால் கண்ணாடி மாதிரி ஒளியைத் திருப்பி அனுப்பும், ரசாயனம் என்றால் உறிஞ்சும்" என்று சொல்வார்கள். ஜிங்க்கும் டைட்டானியமும்கூடப் பெரும்பாலும் உறிஞ்சத்தான் செய்கின்றன.

கருவேலங்காடு ஐயா, நீங்கள் சொல்வதில் பாதி சரி. கருத்த தோலுக்குத் தோல் புற்றுநோய் வாய்ப்பு நிஜமாகவே குறைவு. அந்தப் பயத்தைக் காட்டி இங்கே சன்ஸ்கிரீன் விற்பது எனக்கும் பிடிக்காது. மங்கு இல்லாத, வெயிலைப் பற்றிக் கவலைப்படாத விவசாயிக்கு நானும் தலைப்பாகையும் முழுக்கைச் சட்டையும்தான் சொல்வேன். ஆனால் மங்கு நம்மைப் போன்ற நிறக்காரர்களுக்குத்தான் அதிகம் வருகிறது, அதை வெயில் வளர்க்கிறது. இந்தத் தங்கை அதற்குத்தான் கேட்கிறார். மஞ்சளும் சந்தனமும் பூசினால் குளுமை, வாசனை, அவ்வளவுதான்.  வைட்டமின் டி பற்றி ரொம்பச் சந்தேகமாக இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துக்கொள்ளலாம்.

பையனுக்கு நிறம் கலந்தது வேண்டாம், நண்பர்கள் கேலி செய்வார்கள். சாயங்காலம் நாலரைக்கு மேல் ஆடுவதற்கு ஒன்றும் தேவையில்லை. சனிக்கிழமை காலை வெயிலில் ஆடுவதற்கு 30, வாட்டர் ரெசிஸ்டன்ட் லோஷன், மூக்கு, காது, பின்கழுத்து. நெற்றியில் கண் பக்கம் வழியாமல் புருவத்துக்கு மேலேயே நிறுத்துங்கள், எரியும்.

கடைசியாக ஒன்று. டாக்டர் கொடுத்த இரவு க்ரீமை அவர் சொன்ன வாரங்களுக்கு மேல் நீங்களாகக் கடையில் வாங்கித் தொடராதீர்கள். மங்குக்கு எழுதும் கலவைகள் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும்.

வைகை வேன்:

மதுரையில் சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். கேட்க வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். என் வலது கையும் வலது கன்னமும் இடதைவிட நன்றாகக் கருத்திருக்கின்றன. ஏசி வண்டி, கண்ணாடி ஏற்றித்தான் இருக்கும். கண்ணாடி ஏற்றியிருக்கும்போது எப்படி?

கலவைமேசை:

வெட்கப்பட ஒன்றுமில்லை. முன்பக்கக் கண்ணாடி இரண்டு அடுக்காக நடுவில் பிளாஸ்டிக் ஏடு வைத்தது, யு.வி.ஏவைப் பெரும்பாலும் தடுக்கும். பக்கக் கண்ணாடி ஒற்றை அடுக்கு. யு.வி.பி நிற்கும், யு.வி.ஏ கணிசமாக வரும். அதனால் எரியாது, சிவக்காது, மெதுவாகக் கருக்கும், சுருங்கும். 2012ல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. 69 வயதுக்காரர், 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டியவர். அவர்கள் ஊரில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் இல்லையா, அவருடைய இடது கன்னம் வலது கன்னத்தைவிடப் பல வருடம் மூத்ததாகத் தெரியும். நமக்கு வலது. கைக்கு உறை போடுங்கள், முகத்துக்கு ++++ உள்ளதை எடுங்கள். கண்ணாடியில் ஒட்டும் தெளிவான யு.வி படலங்களும் இருக்கின்றன. உங்கள் வண்டியில் அனுமதி உண்டா என்று ஆர்.டி.ஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஒட்டுங்கள்.

முத்துநகர்க்காரி:

50, ++++, பின்னால் 77491, 77492, 77499 மூன்றும் இருக்கும் குழாய் ஒன்று வாங்கிவிட்டேன், 50 கிராம், நானூற்றுச் சொச்சம். என் நிறத்துக்கு ஒரு சாயல் வெளுப்புதான், கால் மணி நேரத்தில் சரியாகிவிடுகிறது. மேனேஜர் பழையகாயலைக் காலையில் முடிக்கச் சம்மதித்தார், ஆறுமுகநேரியை மாற்ற முடியாது என்றுவிட்டார். மத்தியானம் தடவ வசதியாகக் குழாயை ஸ்கூட்டர் டிக்கியிலேயே போட்டு வைக்கலாமா?

கலவைமேசை:

கூடாது. வெயிலில் நிறுத்திய வண்டியின் டிக்கி கொதிக்கும், குழாயில் 30 டிகிரிக்குக் கீழ் வை என்று போட்டிருப்பார்கள். எண்ணெயும் நீரும் பிரிந்துவிட்டால் எந்த எண்ணும் செல்லாது. தண்ணீர் பாட்டிலோடு தோள் பையில் வையுங்கள். பிதுக்கும்போது முதலில் தண்ணீராக வந்தாலோ மணல்போல நெருடினாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள், காலாவதித் தேதி இன்னும் இருக்கிறதே என்று பார்க்காதீர்கள்.